கை எட்டாத இடம்

மகளே,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போதே உனக்குக் கோபம் வரும். வரட்டும். கோபத்தோடேயே வாசி, ஆனால் கடைசிவரை வாசி. நீ என் அழைப்பை எடுப்பதை நிறுத்தி இரண்டு கிழமையாகிறது. மருமகன்தான் எடுக்கிறார். "மாமி, சாப்பிட்டீங்களோ? அவ படுத்திருக்கிறா" என்று ஒரு பொய்யை எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார். அவருக்குப் பின்னால் நீ சட்டி பானை கழுவுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. படுத்துக்கொண்டே பாத்திரம் கழுவுகிற வித்தையை உனக்கு நான் பழக்கவில்லை. கடைசியாகப் பேசியபோது அவர் தயங்கித் தயங்கி, "ஏழாம் மாசம் முடிய அவவை விடத்தல்தீவிலை எங்கடை அம்மாவிட்டை விடுவம் எண்டு யோசிக்கிறம் மாமி" என்றார். முதல் பிள்ளைப்பேற்றுக்குப் பெற்ற தாயிடம் வராமல் நீ மாமியாரிடம் போகப்போகிறாய். அதற்குக் காரணம் நான்தான். "இப்ப வராதை பிள்ளை, அங்கையே நில்லு" என்று உனக்குச் சொன்னது என் வாய்தான். ஏன் சொன்னேன் என்பதைத்தான் சொல்லவில்லை. போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், மீதியில் நான் ஏசுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு உனக்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாம் நினைவிருக்கிறது. இங்கே பேசாலையில் வெக்கை கூட, சோளகக் காற்றில் வீடு முழுக்க மணல், கிணற்றடிக்கு இறங்குகிற படி வழுக்கும், நீ இருக்கிற வவுனியாவில் என்றால் ஆஸ்பத்திரி கிட்ட. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் நீ பிறந்தபோதும் இதே வெக்கைதான், இதே மணல்தான், இதே படிதான். நீ ஒன்றையும் மறுத்துப் பேசவில்லை. "சரி அம்மா" என்றாய். அவ்வளவுதான். சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்தச் "சரி அம்மா"வை வைத்துக்கொண்டு நான் அன்று பின்னேரம் முழுக்கக் குசினிக் கதிரையில் இருந்தேன், அடுப்பும் மூட்டவில்லை. காரணம் வெக்கையுமில்லை, படியுமில்லை மகளே. காரணம் என் தோல்.

உன் அப்பா கடலுக்குப் போய் நெஞ்சு நோவோடு திரும்பி வந்து, கரையிலேயே சரிந்துபோனது உனக்குத் தெரியும். அவருடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கிழமையில்தான் என் முழங்கையில் முதல் தடிப்பு வந்தது. சிவப்பாகத் தடித்து, மேலே வெள்ளையாகச் செதில் கட்டியது. சொறிந்தால் உதிரும், உதிர்ந்த இடத்தில் திரும்பவும் கட்டும். கரப்பான் என்றார்கள், சாப்பாட்டுக் குற்றம் என்றார்கள், நண்டும் இறாலும் தின்னாதே என்றார்கள். பேசாலையில் இருந்துகொண்டு நண்டும் இறாலும் தின்னாமல் நான் ஒரு வருடம் கிடந்தேன். அந்த ஒரு வருடமும் நண்டுகளுக்குத்தான் நிம்மதி, எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் பார்த்துவிட்டு, இது சொரியாசிஸ், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது, ஆனால் முழுதாக விட்டுப் போகவும் மாட்டாது, அடங்கும், பிறகு எழும்பும் என்று விளக்கினார். ஒட்டாது என்பதை ஊரில் இரண்டு பேர்தான் நம்பினோம். ஒன்று நான், மற்றது நீ.

கருவாட்டு வாடியில் நான் அப்போது உள்ளே இருந்து பொதி கட்டுகிற வேலை செய்துகொண்டிருந்தேன். முதலாளி நல்ல மனிதர், முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா, நீங்கள் வெளியிலை பாயிலை மீனைப் பரப்புங்கோ, கொஞ்சம் காத்துப்படும்" என்றார். காற்றுப்பட்டது. வெயிலும் பட்டது, உப்பும் பட்டது. பொதி வாங்க வருகிற வியாபாரிகளின் கண்ணில் மட்டும் நான் படவில்லை. பக்கத்து வளவு பிலோமினாக்கா, உன் அப்பா செத்தபோது மூன்று நாள் நம் வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த அதே பிலோமினாக்கா, அதற்குப் பிறகு நம் வீட்டில் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்ததில்லை. எப்போது கொடுத்தாலும் "இப்பதான் குடிச்சிட்டு வாறன் தங்கச்சி" என்பார். இத்தனை வருடமாக அந்த மனுசி எப்போது பார்த்தாலும் இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறார்.

நீ மட்டும்தான் கேட்காமல் கை வைத்தாய். எனக்கு முதுகு முழுக்கப் பரவிய காலத்தில் நீ சின்னப்பெட்டை, பள்ளிக்கூடச் சட்டையைக் கூடக் கழற்றாமல் வந்து நின்று, "திரும்புங்கோ அம்மா" என்றாய். வெட்கமாக இருந்தது, மாட்டேன் என்றேன். "நீங்கள் எனக்குத் தலையிலை பேன் பாக்கேக்கை நான் வெக்கப்பட்டனானே?" என்று கேட்டாய். நான் திரும்பினேன். அன்றிலிருந்து செபமாலை முடிந்ததும் நான் பாயில் திரும்பி இருப்பேன், நீ எனக்குப் பின்னால் இருந்து அந்த நாற்றம் பிடித்த தார்க் களிம்பைப் பூசுவாய். பூசிக்கொண்டே கதைப்பாய். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததெல்லாம் என் முதுகுக்குச் சொல்லிவிடுவாய். கணக்குப் பரீட்சையில் தவறியதை முதுகுக்குச் சொன்னாய். சிநேகிதியோடு சண்டை பிடித்ததைச் சொன்னாய். விடத்தல்தீவுப் பெடியன் ஒருவன் நல்லவன் என்று நீ மெதுவாகச் சொன்னபோது உன் விரல் ஒரே இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. அந்த இடத்துக்கு அன்றைக்குக் களிம்பு தேவைக்கு மேலேயே கிடைத்தது. நான் திரும்பியிருந்தால் நீ சொல்லியிருக்க மாட்டாய், நானும் ஏசியிருப்பேன்.

உன் கல்யாணத்துக்கு நான் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த சட்டை தைத்துப் போட்டேன். அந்த வெக்கையில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, நான் குளிர்தேசத்துக்காரி மாதிரி நின்றேன். கோயிலுக்கு வெளிக்கிடுமுன் நீ ஆசீர்வாதத்துக்கு என் முன்னால் முழங்காலில் இருந்தாய். உன் நெற்றியில் சிலுவை போடக் குனிந்தேன். என் தலையிலிருந்து செதில்கள் உன் தோளில் விழுந்தன. நல்ல காலம், வெள்ளைச் சேலை. ஒருவரும் காணவில்லை. நான் கண்டேன், நீயும் கண்டாய். எழும்பும்போது தோளைத் தட்டாமலேயே போனாய். அதை நான் மறக்கவில்லை. அன்று பின்னேரம் காரில் ஏறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகுதான் வீடு எவ்வளவு சின்னது என்பதும், அதில் ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் தேவைக்கு மேல் இருக்கிறது என்பதும் எனக்கு விளங்கியது. செபமாலையை ஒருவர் முன்பாதி சொல்ல மற்றவர் பின்பாதி சொல்லவேண்டும். இப்போது இரண்டு பாதியையும் நானே சொல்கிறேன். சிலவேளை என் குரலுக்கு நானே பதில் சொல்லுவது பைத்தியம் மாதிரிப் படும், அப்போது மனதுக்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

நீ போன பிறகு நோய் எழும்பிவிட்டது. தோல் கிளினிக்கில் இப்போது இருக்கிற டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். பழைய களிம்புகளின் பெயரையெல்லாம் கேட்டு எழுதிவிட்டு, ஒரு புது மருந்து தந்தாள். ஜெல் மாதிரி, சின்ன ட்யூப். "இது விற்றமின் ஏ சாதி மருந்து அம்மா. உங்கடை தோல் அவசரப்பட்டு வளருறதாலைதான் இப்பிடிச் செதிலா உதிருது. இது அந்த அவசரத்தைக் குறைக்கும். ஆனா பொல்லாத சாமான். தடிப்பிலை மட்டும் மெல்லிசாப் பூசுங்கோ. சுத்தி இருக்கிற நல்ல தோலுக்கு வசலினாலை வேலி கட்டிப்போட்டுப் பூசுங்கோ. படுக்கப் போகேக்கை இது, காலமை மற்றக் களிம்பு. வெயிலிலை நிக்கக்கூடாது. துவக்கத்திலை எரியும், சிவக்கும். பயந்து விட்டிடாதேங்கோ. மாசக்கணக்கிலைதான் பலன் தெரியும்" என்றாள். பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸி, பிள்ளை பெறுகிற வயதுப் பெண்கள் யாரும் வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டாள். வயிற்றில் பிள்ளை இருந்தால், இல்லாவிட்டால் பிள்ளை உண்டாக வேண்டுமென்று பார்த்துக்கொண்டிருந்தால், இந்த மருந்தைப் பூசவும் கூடாது, கையாளவும் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது என்றாள். "இல்லை மிஸ்ஸி, வீட்டிலை நான் மட்டும்தான்" என்றேன். அப்படிச் சொன்னது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

டொக்டர் சொன்ன அத்தனையிலும் எனக்குப் பிடித்த சொல் ஒன்றுதான், எரியும் என்பது. நாங்கள் கடற்கரைச் சனம். கையில் முள் குத்தினால் கடல்தண்ணீருக்குள் விடுவோம். சுரீரென்று எரிந்தால் "ஆ, பிடிக்குது" என்போம். எரியாத மருந்து எங்களுக்கு மருந்தே இல்லை. அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? தடிப்பு, நல்ல தோல் என்று பார்க்காமல் கை முழுக்க அள்ளித் தடவினேன். வேலியாவது ஒன்றாவது. எரிந்தது, நன்றாக எரிந்தது, ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னேன். விடிந்ததும் அதே கையோடு வாடிக்குப் போய், உப்பு மீனை அள்ளி வெயிலில் பரப்பினேன். சில நாளில் இரண்டு கையும் அவித்த இறால் மாதிரி ஆகிவிட்டன. சட்டைத் துணி பட்டாலே உயிர் போனது. கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் ஓடினேன். டொக்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, மருந்து பூசினீங்களோ, கருவாட்டுக்கு உப்புப் போட்டீங்களோ?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

மருந்தை நிறுத்தி, தோல் ஆறியபிறகு திரும்பத் தொடங்கினாள். இந்த முறை பூசிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் கழுவிவிட வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். என் கழுத்தில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "ஒரு செபமாலை சொல்லி முடியிற நேரம்" என்றாள். சைவப் பிள்ளை, எங்கே அறிந்தாளோ. அப்படியே செய்தேன். செபமாலையில் பத்துப் பத்தாக ஐம்பது மணியும் சொல்லி முடிய எழும்பிப் போய்க் கழுவுவேன். மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டி, தோல் பழகியபிறகுதான் விடியும்வரை விட்டேன். வெயிலில் நிற்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதை முதலாளியிடம் சொன்னேன், உள்ளே கொட்டிலில் வேலை தந்தார். மாதங்கள் போயின. முதலில் தடிப்பின் உயரம் குறைந்தது. பிறகு செதில் நின்றது. பிறகு ஒருநாள் குளித்துவிட்டு முழங்கையைத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போனது. அது என் முழங்கைதானா என்று திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டைக் கைச் சட்டை போட்டுக்கொண்டு பூசைக்குப் போனேன். உனக்குப் பத்து வயதாக இருந்தபோது எனக்குத் தைத்த சட்டை, பக்கங்களை விரித்துத் தைத்துப் போட்டேன். பீடத்தடிக்கு நன்மை அப்பம் வாங்கப் போகும்போது கையில் காற்றுப்பட்டது. அந்தச் சந்தோசத்தைச் சொல்ல வீட்டுக்கு வந்தேன், வீட்டில் ஆள் இல்லை. உனக்கு எடுத்தேன், நீ வேலையில் இருந்தாய்.

முதுகு மட்டும் அப்படியே கிடந்தது. அங்கே என் கை எட்டாது. கண்ணாடிக்கு முன்னால் நின்றால் நான் சுகமான மனுசி, திரும்பினால் பழைய நோயாளி. அகப்பைக் காம்பில் துணியைச் சுற்றி, மருந்தை வீணாக்காமல் முதலில் வசலினை வைத்துப் பழகிப் பார்த்தேன். வசலின் அலுமாரியில் பட்டது, சுவரில் பட்டது, என் தலைமயிரில் பட்டது, பட வேண்டிய இடத்தில் மட்டும் படவில்லை. சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தபோதே அழுகையும் வந்தது. பிறகு வெட்கத்தை விட்டுவிட்டுப் பிலோமினாக்காவிடம் போனேன். அவர் பிள்ளை பெற்று முடித்த மனுசி, அவர் தொட்டால் ஒன்றுமில்லை. "அக்கா, ஒரு உதவி. என்ரை முதுகிலை இந்த மருந்தைப் பூசி விடுவீங்களோ? கையுறை நான் தாறன், இது ஒருத்தருக்கும் ஒட்டாது" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ட்யூப்பைப் பார்த்தார். "அதுக்கென்ன தங்கச்சி, நாளைக்கு வாறன். இண்டைக்கு இன்னும் குழம்பு வைக்கேல்லை" என்றார். அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை. கோயிலில் கண்டால் வழக்கம்போலக் கதைக்கிறார். எனக்குக் கோபமில்லை என்று எழுத வந்தேன், எதற்குப் பொய்? கோபம்தான். ஒரு கையுறைக்குள் விரலை விட்டு இரண்டு நிமிடம் என் முதுகைத் தொடுவதற்கு இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை. நீ என்னைப்போல இராதே. உனக்கு ஒன்று வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேள். ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் கேள். நான் ஒருமுறை கேட்டு, அவர் மறுத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் இருவரும் வந்தீர்களே, அன்று நடந்ததும் உன் மனதில் கிடக்கும். நீ வந்த வேகத்தில் பையைக் கூட வைக்காமல் "திரும்புங்கோ அம்மா" என்றாய். அலுமாரித் தட்டில் இருந்த ட்யூப்பை எடுத்து, "இது புது மருந்தோ?" என்று மூடியைத் திருகினாய். நான் பாய்ந்து பறித்தேன். "அதைத் தொடாதை!" என்று கத்தினேன். உன் முகம் சுருங்கியது. நீ கலியாணம் கட்டி ஒரு வருடம் ஆகவில்லை, பிள்ளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அதை வாய்விட்டுக் கேட்பது எனக்கு வெட்கம். "இது நானே பூசுவன், நீ போய்ச் சாப்பிடு" என்று சொல்லிச் சட்டையை இழுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். நீ மருமகனைப் பார்த்துச் சிரித்துச் சமாளித்தாய். கொஞ்ச நாளில் நீ போனில், "அம்மா, நீங்கள் அம்மம்மா ஆகப்போறீங்கள்" என்றாய். எனக்கு முதலில் வந்தது சந்தோசமில்லை மகளே, பயம். அந்த மூடியை நீ எவ்வளவு தூரம் திருகினாய், விரலில் பட்டதா, நத்தாரன்று உன் வயிற்றில் பிள்ளை இருந்ததா என்று யோசித்து யோசித்தே நாட்கள் போயின. உன்னிடம் கேட்டால் நீயும் பயப்படுவாய் என்று எனக்குள்ளேயே வைத்திருந்தேன்.

இந்தப் பயத்தோடுதான் நீ வருகிறேன் என்று சொன்ன அழைப்பை நான் எடுத்தேன். நீ வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு சொன்னாலும் நீ என் முதுகில் கை வைக்காமல் இருக்கமாட்டாய். ஒரே கட்டில், ஒரே துவாய், ஒரே சவர்க்காரம். பிறகு பிள்ளை பிறந்தால் அதைத் தூக்கப்போவது மருந்து பூசின இந்தக் கைதானே. அப்படியென்றால் மருந்தை நிறுத்திவிட்டு உன்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். கேள். அது எனக்குத் தோன்றாமலில்லை. நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கை கிடைத்திருந்தது, கட்டைச் சட்டை போடுகிற கை, கோயிலில் ஒருவரும் ஒதுங்காத கை. அதை விட்டுவிட எனக்கு ஆசையில்லை. ஒரு ட்யூப் மருந்துக்காகப் பெற்ற மகளை வீட்டுக்கு வராதே என்றேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டு வெக்கை என்றும் மணல் என்றும் கதை விட்டேன். இதுதான் உண்மை. நீ நினைத்த மாதிரி உன்மேல் பாசம் குறைந்ததாலும் இல்லை, உன் புருசன் வீட்டாரோடு ஏதும் மனத்தாங்கலாலும் இல்லை.

விடத்தல்தீவு என்று மருமகன் சொன்ன அடுத்த நாள் நான் கிளினிக்குக்குப் போனேன். என் முறை வந்ததும் கதிரையில் இருக்காமலே, "டொக்டர், இந்த மருந்தை நிப்பாட்டுங்கோ, என்ரை பிள்ளை பிள்ளைப்பேறுக்கு வரவேணும்" என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டு, "அவ வரக்கூடாது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டாள். ஒருவரும் சொல்லவில்லை, நானாகத்தான் நினைத்தேன் என்றேன். நத்தாரன்று நடந்ததையும் சொல்லி அழுதுவிட்டேன். அவள் எழும்பி வந்து, கையுறையில்லாத கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, ட்யூப்பைக் கையிலை பிடிச்சதாலை பிள்ளைக்கு ஒண்டும் வராது. மகள் இதைப் பூசக்கூடாது, நீங்கள் பூசி ஈரமா இருக்கிற இடத்தைத் தொடக்கூடாது. பால் குடுக்கிற காலத்திலையும் அப்பிடித்தான். நீங்கள் பூசினாப் பிறகு கையைக் கழுவுங்கோ, துவாயையும் படுக்கை விரிப்பையும் வேறயா வையுங்கோ, காலமை குளிச்சுப்போட்டுப் பிள்ளையைத் தூக்குங்கோ. அவ்வளவுதான். இதை முந்தியே கேட்டிருக்கலாமே." கேட்டிருக்கலாம். கேட்காமல் மனதுக்குள்ளேயே முடிவெடுத்து, உன்னையும் அழவைத்து, நானும் காய்ந்தேன். நீயும் அப்படிச் செய்யாதே. முகத்தில் பருவுக்கு நீ பூசுகிற கிறீமையும் பெட்டியோடு உன் கிளினிக் டொக்டரிடம் காட்டு, இதே சாதி மருந்து சிலவற்றில் கலந்திருக்குமாம். நாளைக்கு உனக்கோ உன் பிள்ளைக்கோ என்னைப்போலத் தடிப்பு வந்தால், வரக்கூடும், சில குடும்பங்களில் வருமாம், நண்டைக் குற்றம் சொல்லாமல், நீட்டுக் கைச் சட்டை தைக்காமல், நேரே டொக்டரிடம் போ.

ஆகவே வா. ட்யூப்பை அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியை என் கழுத்தில் போட்டிருக்கிறேன். எனக்கு வேறு கட்டில், வேறு துவாய். இடது கையில் மருந்து பூசுவதை நான் இப்போதே நிறுத்திவிட்டேன். டொக்டர் அது தேவையில்லை என்றுதான் சொன்னாள், என் மனம் கேட்கவில்லை. பிள்ளையின் தலையை வைக்கப்போவது அந்தக் கையில்தானே. அங்கே திரும்பவும் கொஞ்சம் தடித்து வருகிறது. வந்தால் வரட்டும், உன் பிள்ளை அதில் தலை வைத்துப் படுக்கட்டும். அது ஒட்டாது என்று நம்புகிறவர்கள் இனி மூன்று பேர்.

வந்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். முதுகைப் பற்றியும் டொக்டரிடம் கேட்டேன். "அங்கை இந்த மருந்தைப் பூசினனீங்களோ?" என்றாள். இல்லை, எனக்குக் கை எட்டவில்லை, வேறு ஒருவரும் வரவில்லை என்றேன். "அப்ப முதுகை இப்பிடியே விடுங்கோ. செதில் மெத்துப்பட வெறும் வசலின் பூசினாலே நல்லது. அதை மகள் தாராளமாப் பூசலாம்" என்றாள். வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் இருந்து யோசித்துக்கொண்டே வந்தேன். கை, கால், தலை, வயிறு, எட்டின இடமெல்லாம் மருந்து. என் கையும் எட்டாமல், ஊரும் தொடாமல் கிடந்த அந்த ஒரு இடத்தில் மட்டும் அது ஒரு துளியும் பட்டதில்லை. இந்த இடது கையை விட்டால், நீ பயமில்லாமல் எந்த நேரமும் கை வைக்கக்கூடிய இடம் என் உடம்பில் அது ஒன்றுதான். பெரிய வசலின் போத்தல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கிணற்றடிப் படியில் மணலைக் கூட்டிவிட்டேன். பாயும் விரித்திருக்கிறது. என்மேல் உனக்கு இருக்கிற கோபத்தை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால், வழக்கம்போல வந்து இருந்து முதுகுக்குச் சொல்லு. நான் திரும்பித்தான் இருக்கிறேன்.

அம்மா